மசோதா, சட்டம், அமல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழிற்சங்க அலுவலகம் ஒன்றில் அறிவிப்புப் பலகையைக் கவனித்துக்கொள்வது என் பொறுப்பு. நாடாளுமன்றத்தில் எங்களைப் பாதிக்கிற மசோதா எது வந்தாலும் ஒரு பக்கத்தில் சுருக்கி எழுதி ஒட்டுவேன். ஒட்டிய அரை மணி நேரத்தில் கேள்விகள் வரும். கேட்கிற ஆள் மாறுவார், கேள்வி மாறாது. 2020 செப்டம்பரில் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நிறைவேறியபோது, "புதிய சட்டம் அமலுக்கு வந்துவிட்டது" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியவன் நான்தான். அது ஐந்து ஆண்டு முந்திப்போன அறிவிப்பு. ஏன் என்பது 12-ஆம் கேள்வியில் வரும். அந்த அவமானத்துக்குப் பிறகு குறித்துவைக்க ஆரம்பித்த கேள்விகளே இவை. கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. வழக்கு என்று வந்தால் வக்கீலிடம் போங்கள்.

1. மசோதான்னா என்ன, சட்டம்னா என்ன? ரெண்டும் ஒண்ணுதானே அண்ணே?

இல்லை. மசோதா என்பது 'இப்படி ஒரு சட்டம் போடலாமா' என்று அவையின் முன் வைக்கப்படும் வரைவு. மக்களவை, மாநிலங்களவை இரண்டும் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த பிறகே அது சட்டம். அரசமைப்புச் சட்டத்தின் 79-ஆவது பிரிவு, நாடாளுமன்றம் என்றால் இரண்டு அவைகளும் குடியரசுத் தலைவரும் சேர்ந்தது என்கிறது. மூன்றில் ஒன்று பாக்கி இருந்தாலும் அது மசோதாதான்.

தமிழ்நாடு அரசின் தாள்களில் 'சட்டமுன்வடிவு' என்று பார்ப்பீர்கள். அதுவும் மசோதாவும் ஒன்றே. முன்வடிவு என்ற சொல்லிலேயே விஷயம் அடங்கிவிட்டது, ஆனால் பேச்சில் யாரும் சொல்வதில்லை.

2. 'மசோதா தாக்கல்'னு டிவியில ஓடுதே, அப்ப பாஸ் ஆயிடுச்சா?

தாக்கல் என்பது முதல் படி. அமைச்சர் எழுந்து, மசோதாவை அறிமுகம் செய்ய அவையின் அனுமதியைக் கேட்கிறார். பெரும்பாலும் எதிர்ப்பில்லாமல் கிடைத்துவிடும். அடுத்தது பரிசீலனை. முதலில் மசோதாவின் நோக்கம் பற்றிப் பொது விவாதம், பிறகு உட்பிரிவு உட்பிரிவாக வாக்கெடுப்பு. திருத்தம் கொண்டுவர விரும்புகிறவர்கள் அப்போதுதான் கொண்டுவர வேண்டும். கடைசியில் 'மசோதா நிறைவேற்றப்படட்டும்' என்ற தீர்மானம். இவ்வளவும் ஓர் அவையில் மட்டும். இன்னோர் அவையில் மறுபடி பரிசீலனையிலிருந்து தொடங்க வேண்டும்.

அறிமுகத்துக்கே எதிர்ப்பு வந்தால் அதற்கும் வாக்கெடுப்பு உண்டு. 2024 டிசம்பர் 17 அன்று 'ஒரே நாடு ஒரே தேர்தல்' மசோதாவுக்கு அப்படித்தான் நடந்தது: ஆதரவு 269, எதிர்ப்பு 198. மறுநாள் எங்கள் டீக்கடை பெஞ்சில் பாதிப் பேர் அது சட்டமாகிவிட்டதாகவே பேசினார்கள். நடந்தது தாக்கலுக்கான அனுமதி மட்டுமே. அந்த மசோதா கூட்டுக்குழுவுக்குப் போனது. அந்த 269 எதற்குப் போதும், எதற்குப் போதாது என்பதை 15-ஆவதில் பார்ப்போம்.

3. குழுவுக்கு அனுப்பிட்டாங்கன்னா கிடப்புல போட்டாச்சுன்னு அர்த்தமா?

சில நேரம் அப்படியும் ஆகும். ஆனால் ஒரு மசோதாவைப் பக்கம் பக்கமாகப் படிக்கிற இடம் குழுதான். துறைசார்ந்த நிலைக்குழுக்கள் 1993-இல் 17 ஆகத் தொடங்கி 2004-இல் 24 ஆயின. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். இவை தவிர ஒரு குறிப்பிட்ட மசோதாவுக்கென்றே அமைக்கப்படும் தேர்வுக்குழு, இரு அவைக் கூட்டுக்குழு உண்டு. குழுக் கூட்டத்தில் கேமரா கிடையாது. அதனால் அங்கே கட்சி மறந்து பேசுகிறவர்களும் இருக்கிறார்கள்.

குழு சொல்வது பரிந்துரை மட்டுமே, அரசைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் விளைவு உண்டு. 2025 பிப்ரவரியில் தாக்கலான வருமான வரி மசோதாவுக்குத் தேர்வுக்குழு 285 பரிந்துரைகள் தந்தது. ஆகஸ்டில் அரசு பழைய மசோதாவைத் திரும்பப் பெற்று, திருத்திய புது மசோதாவைக் கொண்டுவந்தது. 2019-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா, கூட்டுக்குழுவில் இரண்டு ஆண்டு இருந்துவிட்டு 2022 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது; 2023-இல் நிறைவேறியது வேறொரு மசோதா. வக்ஃபு திருத்த மசோதாவும் கூட்டுக்குழு போய் வந்ததுதான். எதிர்க்கட்சி உறுப்பினர்கள் மாறுபட்ட கருத்தை எழுத்தில் கொடுத்தார்கள். அது அறிக்கையோடு சேர்ந்தே வெளியாகும். எனக்கு அறிக்கையைவிட அந்தக் குறிப்புகள்தான் அதிகம் பயன்பட்டிருக்கின்றன.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. பிஆர்எஸ் என்ற ஆய்வு அமைப்பின் கணக்குப்படி, 15-ஆவது மக்களவைக் காலத்தில் மசோதாக்களில் 71 விழுக்காடு குழுவுக்குப் போனது. 17-ஆவதில் அது 16 விழுக்காடு. நீங்கள் கிடப்பைப் பற்றிக் கேட்கிறீர்கள். நான் குழுவையே பார்க்காமல் போகிற மசோதாக்களைப் பற்றிக் கவலைப்படுகிறேன்.

4. ஓட்டே போடாம 'ஆமா ஆமா'ன்னு கத்தினா மசோதா பாஸாயிடுமா?

ஆகும். அதற்குப் பெயர் குரல் வாக்கெடுப்பு. அவைத்தலைவர் ஆதரிப்போரையும் எதிர்ப்போரையும் மாறிமாறிக் கேட்டு, எந்தக் குரல் ஓங்கியது என்று சொல்வார். மிகப் பெரும்பாலான மசோதாக்கள் இப்படித்தான் நிறைவேறுகின்றன. இரு பக்கமும் எண்ணிக்கை தெரிந்த விஷயம் என்பதால் இதில் தவறில்லை என்பது வழக்கம்.

ஆனால் எண்ண வேண்டும் என்று உறுப்பினர்கள் கோரலாம், அதுதான் டிவிஷன். மேசையிலுள்ள பொத்தானை அமுக்குவார்கள்: பச்சை ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு, மஞ்சள் நடுநிலை. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்களின்போது எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டன. உறுப்பினர்கள் தத்தம் இருக்கையில் இல்லை என்று காரணம் சொல்லி, குரல் வாக்கெடுப்பிலேயே முடித்தார் துணைத்தலைவர். மறுநாள் 8 உறுப்பினர்கள் இடைநீக்கம் ஆனார்கள். அந்தச் சட்டங்களின் மீதிருந்த கசப்பில் ஒரு பகுதி இந்த நடைமுறையிலிருந்து வந்தது. எண்ணியிருந்தால் முடிவு மாறியிருக்குமா என்பது வேறு. எண்ணாமல் போனதுதான் பேச்சானது.

5. எங்க தொகுதி எம்.பி. எந்தப் பக்கம் ஓட்டு போட்டார்னு பார்க்க முடியுமா?

டிவிஷன் நடந்திருந்தால் முடியும். யார் எப்படி வாக்களித்தார்கள் என்ற பெயர்ப்பட்டியல் அவை நடவடிக்கைக் குறிப்பில் அச்சாகும். குரல் வாக்கெடுப்பு என்றால் முடியாது. அங்கே குரல்தான் உண்டு, பெயர் இல்லை.

பார்த்தாலும் பெரும்பாலும் கட்சி எப்படியோ அப்படியே இருக்கும். கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் இருந்தாலோ, 1985-இல் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணைப்படி பதவி போகலாம். கட்சி 15 நாளுக்குள் மன்னித்துவிட்டால் தப்பிக்கலாம். கட்சி தாவலைத் தடுக்க வந்த ஏற்பாடு, ஒவ்வொரு மசோதாவிலும் எம்.பி.யின் சொந்தக் கருத்துக்கும் சேர்த்துப் பூட்டுப் போட்டுவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

6. மக்களவையில மெஜாரிட்டி இருந்தா போதாதா? மாநிலங்களவை எதுக்கு?

சாதாரண மசோதாவுக்கு இரண்டு அவையும் சமம். மாநிலங்களவை நிராகரித்தாலோ, திருத்தத்தில் உடன்பாடு வராவிட்டாலோ, ஆறு மாதத்துக்கு மேல் வைத்துக்கொண்டாலோ, குடியரசுத் தலைவர் கூட்டுக் கூட்டத்தைக் கூட்டலாம். தலைமை மக்களவைச் சபாநாயகர். 543 பேரும் 245 பேரும் ஒன்றாக உட்கார்ந்தால் யார் கை ஓங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை அப்படி நிறைவேறியவை மூன்றே: 1961-இல் வரதட்சணைத் தடை, 1978-இல் வங்கிப் பணி ஆணையத்தை நீக்கும் மசோதா, 2002-இல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா. பொடாவை மாநிலங்களவை தோற்கடித்த ஐந்தாவது நாள், மார்ச் 26 அன்று, கூட்டுக் கூட்டம் 425-க்கு 296 என்று நிறைவேற்றியது. இரண்டே ஆண்டில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது தனிக்கதை. அரசமைப்புத் திருத்தத்துக்கும் பண மசோதாவுக்கும் இந்த வழி கிடையாது.

7. பண மசோதான்னா பட்ஜெட்தானே? அதுல என்ன சண்டை?

வரி, கடன், அரசின் தொகுப்பு நிதியிலிருந்து செலவு போன்றவை மட்டுமே அடங்கியது பண மசோதா. 110-ஆவது பிரிவு பட்டியல் தருகிறது. மக்களவையில்தான் தொடங்க வேண்டும். மாநிலங்களவை 14 நாளுக்குள் யோசனை சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த யோசனையை மக்களவை ஏற்கலாம், தள்ளலாம். 6-ஆவதில் சொன்ன சமநிலை இங்கே இல்லை.

சண்டை 'மட்டுமே' என்ற சொல்லில் இருக்கிறது. ஒரு மசோதா பண மசோதாவா இல்லையா என்று சான்று தருகிறவர் சபாநாயகர். 2016-இல் ஆதார் மசோதா பண மசோதாவாக வந்தது. மாநிலங்களவை சொன்ன ஐந்து திருத்தங்களையும் மக்களவை அன்றே தள்ளியது. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் 4-க்கு 1 என்று அதை ஏற்றுக்கொண்டது. மாறுபட்ட நீதிபதி சந்திரசூட், இது அரசமைப்பின் மீதான மோசடி என்ற அளவுக்கு எழுதினார். அடுத்த ஆண்டே இன்னோர் அமர்வு, அந்தத் தீர்ப்பின் இந்தப் பகுதியில் சந்தேகம் எழுப்பி ஏழு நீதிபதிகள் பார்க்கட்டும் என்று அனுப்பியது.

8. நம்ம எம்.பி.யே சொந்தமா ஒரு மசோதா கொண்டு வர முடியாதா சார்?

முடியும். அமைச்சர் அல்லாத எவரும் தனிநபர் மசோதா கொண்டுவரலாம். அதற்கென வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணி நேரம். ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில் கொடுத்திருக்கிறார்கள் என்று எம்.பி.க்களே கிண்டல் செய்வார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு சட்டமானவை 14. கடைசியாக ஆனது 1970-இல்.

ஆனாலும் வீண் என்று சொல்ல மாட்டேன். திருநங்கையர், திருநம்பியர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை நிறைவேற்றியது. மக்களவையில் அது கரை சேரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அரசே தன் மசோதாவை எழுத வேண்டியதாயிற்று. 2019-இல் வந்த சட்டம் அதுதான். உள்ளடக்கம் ஒன்றல்ல, சமூகத்தினர் பலருக்கு அதில் திருப்தியும் இல்லை. பேச்சைத் தொடங்கியது வெள்ளிக்கிழமை மசோதா.

9. சில மசோதா வருஷக்கணக்கா கிடக்குது, சிலது மூணு நாள்ல முடியுது. எப்படி?

குறைந்தபட்சம் இத்தனை நாள் விவாதம் நடக்க வேண்டும் என்று அரசமைப்பில் எங்கும் இல்லை. அதுதான் பதில். இணையவழி விளையாட்டு மசோதாவைப் பாருங்கள்: 2025 ஆகஸ்ட் 20 மக்களவையில் தாக்கல், அன்றே நிறைவேற்றம், 21 மாநிலங்களவை, 22 குடியரசுத் தலைவர் ஒப்புதல். பணம் வைத்து ஆடும் ஆட்டத்துக்கே முற்றாகத் தடை போட்ட சட்டம் அது. நல்ல சட்டமா கெட்ட சட்டமா என்பதை விடுங்கள். படித்துப் பார்த்துத் திருத்தம் கொடுக்க ஓர் உறுப்பினருக்கு எத்தனை மணி நேரம் கிடைத்திருக்கும்?

3-ஆவதில் சொன்ன வருமான வரி மசோதா இதற்கு இடைப்பட்ட ரகம். குழுவில் மாதக்கணக்கில் அலசல். திரும்பி வந்ததும் அவையில் ஒரே நாளில் தாக்கலும் நிறைவேற்றமும். குழுவில் நடந்த வேலை இருந்ததால் அதை நான் அவசரம் என்று சொல்ல மாட்டேன்.

10. ஜனாதிபதி கையெழுத்து போட மாட்டேன்னு சொன்னா என்ன ஆகும்?

111-ஆவது பிரிவு மூன்று வழி தருகிறது. ஒப்புதல் தரலாம், நிறுத்திவைக்கலாம், மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். திருப்பி அனுப்பியதை அவைகள் மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால் ஒப்புதல் தந்தாக வேண்டும். பண மசோதாவைத் திருப்பி அனுப்ப முடியாது. அரசமைப்புத் திருத்தம் என்றால் 1971-க்குப் பிறகு ஒப்புதல் தருவது ஒன்றே வழி.

இதில் நம் ஊர்க்காரர்கள் இருவர் வருகிறார்கள். ஆதாயம் தரும் பதவிகள் குறித்த மசோதாவை 2006 மே மாதம் அப்துல் கலாம் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் மாற்றாமல் மறுபடி அனுப்பியது, ஆகஸ்டில் கையெழுத்திட்டார். எம்.பி.க்களின் ஊதியம், ஓய்வூதியம் பற்றிய 1991-ஆம் ஆண்டு மசோதாவுக்கு ஆர். வெங்கட்ராமன் ஒப்புதல் தரவில்லை. இதுதவிர, ஒன்றும் செய்யாமல் வைத்துக்கொள்வது என்று எழுதாத நான்காவது வழியும் இருக்கிறது, ஏனென்றால் காலக்கெடு இல்லை. 1986-இல் நிறைவேறிய அஞ்சல் அலுவலகத் திருத்த மசோதாவை, கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் தந்த மசோதா அது, ஜெயில் சிங் அப்படியே வைத்திருந்தார்.

11. அப்ப நம்ம கவர்னர் விவகாரமும் இதே கதைதானா?

பிரிவு வேறு, மாநில மசோதாக்களுக்கானது 200. பிரச்சினை அதே: காலக்கெடு இல்லாமை. தமிழ்நாடு ஆளுநர் நிறுத்திவைத்த 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு சொன்னது, காலக்கெடுவும் விதித்தது. பிறகு குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டு அனுப்பிய கேள்விகளுக்கு ஐந்து நீதிபதி அமர்வு நவம்பர் 20 அன்று வேறு பதில் தந்தது: நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, 'கருதப்படும் ஒப்புதல்' என்பதற்கும் இடமில்லை, விளக்கமற்ற நீண்ட தாமதத்தை மட்டும் ஓரளவுக்குக் கேள்வி கேட்கலாம். பலகையில் ஏப்ரலில் நான் ஒட்டிய தாளைப் பார்த்துவிட்டு இன்றும் வாதம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் இரண்டு தேதியையும் இங்கே எழுதுகிறேன்.

12. கையெழுத்தும் ஆயாச்சு. நாளையிலேர்ந்து அமல்தானே?

இங்கேதான் நான் விழுந்தேன். எந்தச் சட்டத்திலும் முதல் பிரிவைப் படியுங்கள். 'ஒன்றிய அரசு அரசிதழில் அறிவிக்கும் நாளில் நடைமுறைக்கு வரும்' என்று பெரும்பாலும் இருக்கும். அந்த அறிவிப்பு வரும்வரை சட்டம் புத்தகத்தில் இருக்கும், தொழிற்சாலையில் இருக்காது. ஊதியத் தொகுப்பு 2019-இலும் மற்ற மூன்று தொழிலாளர் தொகுப்புகள் 2020 செப்டம்பரிலும் நிறைவேறின. நான்கும் நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21 அன்று. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய 29 சட்டங்களின்படிதான் எங்கள் வழக்குகள் நடந்தன. என் அறிவிப்பை நம்பி நிர்வாகத்திடம் போய் வாதாடித் திரும்பி வந்த ஒரு தோழர், மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

ஒரு சட்டத்தின் ஒரு துண்டை மட்டும் ஒதுக்கிவைக்கவும் முடியும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 2023 டிசம்பர் 25 அன்று ஒப்புதல் பெற்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் விபத்து ஏற்படுத்திவிட்டுத் தப்பி ஓடுவதற்குக் கடும் தண்டனை சொன்ன 106-இன் இரண்டாவது உட்பிரிவை மட்டும் லாரி ஓட்டுநர்கள் போராட்டத்துக்குப் பிறகு விட்டுவிட்டே அறிவித்தார்கள்.

அறிவிப்பையும் தாண்டி, சட்டத்துக்குள்ளேயே நிபந்தனை இருப்பதும் உண்டு. பெண்கள் இடஒதுக்கீட்டுத் திருத்தம், அது வந்த பின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் தொகுதி மறுவரையறையையும் முடித்த பிறகே இடங்கள் ஒதுக்கப்படும் என்று தன் வாசகத்திலேயே சொல்கிறது.

13. சட்டம் வேற, விதி வேறயா? எதுக்கு ரெண்டு?

சட்டம் 'உரிமம் பெற வேண்டும்' என்று சொல்லும். யாரிடம், எந்தப் படிவத்தில், எவ்வளவு கட்டணம் என்பதை விதிகள் சொல்லும். விதிகளை எழுதுவது துறை அதிகாரிகள். பிறகு அவை நாடாளுமன்றத்தின் மேசையில் வைக்கப்படும். குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2020 ஜனவரி 10 அன்று நடைமுறைக்கு வந்தது. விதிகள் வந்தது 2024 மார்ச் 11. நடுவே நான்கு ஆண்டு, சட்டம் இருந்தும் ஒரு விண்ணப்பம்கூடப் போட வழியில்லை. 2023-இல் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விதிகள் 2025 நவம்பரில் வந்தன.

14. அவசரச் சட்டம்னா நாடாளுமன்றமே வேண்டாமா?

அவைகள் கூடியிராத காலத்தில், உடனடித் தேவை என்று அமைச்சரவை பரிந்துரைத்தால், 123-ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் பிறப்பிப்பது அவசரச் சட்டம். சட்டத்துக்குள்ள வலிமை முழுவதும் உண்டு. ஆனால் அவைகள் மீண்டும் கூடியதிலிருந்து ஆறு வாரத்துக்குள் மசோதாவாக நிறைவேறாவிட்டால் காலாவதி. வேளாண் சட்டங்கள் முதலில் 2020 ஜூன் 5 அன்று இப்படித்தான் வந்தன.

தமிழ்நாட்டில் இதை விளக்க எனக்குச் சிரமமே இருந்ததில்லை. 2017 ஜனவரியில் மெரினாவில் இருந்தவர்கள், ஜல்லிக்கட்டுக்கு ஆளுநர் வழியாக மாநில அவசரச் சட்டம் வந்ததும், "அது போதாது, நிரந்தரச் சட்டம் வேண்டும்" என்றார்கள். அவர்கள் பயந்தது இந்தக் காலாவதியைத்தான். 23-ஆம் தேதி சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. மாநிலத்துக்கும் ஒன்றியத்துக்கும் இந்தக் கணக்கு ஒன்றுபோலவே.

15. 128-ஆவது திருத்த மசோதான்னாங்க, இப்ப 106-ஆவது திருத்தம்ங்கிறாங்க. எது சரி?

இரண்டும் சரி. அரசமைப்புத் திருத்தங்களுக்கு, மசோதாவாக வரும்போது ஒரு வரிசை எண், சட்டமானவற்றுக்கு வேறொரு வரிசை எண். வழியில் உதிர்ந்து போன மசோதாக்களும் முதல் எண்ணைச் சாப்பிட்டுவிட்டுப் போகும். ஜிஎஸ்டி 122-ஆவது மசோதா, 101-ஆவது திருத்தச் சட்டம். பெண்கள் இடஒதுக்கீடு 128, பிறகு 106.

நிறைவேற்றுவதும் எளிதல்ல. மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். எண்ணியாக வேண்டும் என்பதால் குரல் வாக்கெடுப்பு இங்கே உதவாது. பெண்கள் இடஒதுக்கீடு மக்களவையில் 454-க்கு 2, மாநிலங்களவையில் 214-க்கு 0. இப்போது 2-ஆவதில் விட்ட கணக்கு. 'ஒரே நாடு ஒரே தேர்தல்' மசோதாவும் அரசமைப்புத் திருத்தம்தான். அன்று வாக்களித்தவர்கள் 467; மூன்றில் இரண்டு பங்கு 312. மொத்த மக்களவையில் பாதிக்கு மேல் என்றால் 272. கிடைத்த 269 இரண்டையும் தொடவில்லை. தாக்கலுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்பதால் அன்று உள்ளே வந்தது. வெளியே போக அது போதாது. மாநிலங்களின் அதிகாரத்தைத் தொடும் சில திருத்தங்களுக்கு, ஜிஎஸ்டிக்கு நடந்ததுபோல, பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் தேவை.

16. தேர்தல் வந்துட்டா பாதியில நிக்கிற மசோதா என்ன ஆகும்?

கூட்டத்தொடர் முடிவதால் எந்த மசோதாவும் சாகாது. மக்களவை கலைந்தால்தான் சாவு. மக்களவையில் நிலுவையில் இருந்தவை, மக்களவை நிறைவேற்றி மாநிலங்களவையில் நின்றவை, இரண்டும் காலாவதி. 2010 மார்ச் 9 அன்று மாநிலங்களவை நிறைவேற்றிய பெண்கள் இடஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் நான்கு ஆண்டு கிடந்து, 2014-இல் அவையோடு சேர்ந்து போனது. 2023-இல் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று.

மாநிலங்களவையிலேயே தொடங்கி, மக்களவைக்கு இன்னும் போகாத மசோதாவுக்குச் சாவே இல்லை. அந்த அவை கலைவதில்லை. இரண்டு குழந்தைக்கு மேல் பெற்றவர் எம்.பி. ஆக முடியாது என்ற திருத்த மசோதா 1992-இல் அங்கே தாக்கலாகி, பத்தாண்டுகள் பல தாண்டியும் நிலுவைப் பட்டியலில் உட்கார்ந்திருந்தது.

17. கோர்ட் தடை போட்டா சட்டம் செத்துப்போச்சுன்னு அர்த்தமா?

இல்லை. தடை என்றால் நிறுத்தம். வேளாண் சட்டங்களை உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரி 12 அன்று நிறுத்தியது. ஆனாலும் அவை சட்டப் புத்தகத்தில் இருந்தன, விவசாயிகள் தில்லி எல்லையை விட்டுப் போகவில்லை. நவம்பர் 19 அன்று பிரதமர் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அப்போதும் சட்டம் போகவில்லை. ஒரு சட்டத்தை நீக்க இன்னொரு சட்டம் வேண்டும். நவம்பர் 29 அன்று இரு அவைகளும் நீக்க மசோதாவை நிறைவேற்றின. விவாதம் வேண்டும் என்ற கோரிக்கை அன்றும் ஏற்கப்படவில்லை.

நீதிமன்றம் ஒரு சட்டத்தைச் செல்லாது என்று அடித்துவிட்டால் அது வேறு. நீதிபதிகள் நியமன ஆணையத்துக்கான 99-ஆவது திருத்தம் 2015-இல் அப்படிப் போனது. வக்ஃபு திருத்தச் சட்டத்தில் 2025 செப்டம்பர் 15 அன்று நடந்தது இடைக்கால உத்தரவு. சில பிரிவுகள் மட்டும் நிறுத்தப்பட்டன, சட்டம் முழுவதும் அல்ல. 'சட்டத்துக்குத் தடை' என்று தலைப்புப் பார்த்தால், எந்தப் பிரிவு என்று கேளுங்கள்.

18. வாட்ஸ்அப்புல ஒரு மசோதா காப்பி வந்திருக்கு. உண்மையா, எந்த நிலையில இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதல் பக்கத்தின் தலைப்பகுதியைப் பாருங்கள். 'மக்களவையில் தாக்கல் செய்யப்பட்டவாறு', 'மக்களவையால் நிறைவேற்றப்பட்டவாறு', 'நாடாளுமன்ற அவைகளால் நிறைவேற்றப்பட்டவாறு' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். அதுவே நிலை. அரசிதழ் முகப்பும் சட்ட எண்ணும் ஆண்டும் இருந்தால் அது சட்டம். மசோதாக்கள் நாடாளுமன்ற இணையதளத்திலும், சட்டங்கள் 'இந்தியா கோட்' தளத்திலும், நடைமுறை அறிவிப்புகள் மின்னரசிதழிலும் இலவசமாகக் கிடைக்கும். சட்டத்தின் பெயர் இந்தியில் இருந்தாலும், சந்தேகம் வந்தால் ஆங்கில வாசகமே அதிகாரபூர்வம் என்பது 348-ஆவது பிரிவு.

படிக்கும்போது பின்பக்கத்திலிருந்து தொடங்குவது என் பழக்கம். மசோதாவின் கடைசியில் நோக்கமும் காரணமும் சொல்லும் உரை, செலவுக் குறிப்பு, விதி எழுத யாருக்கு எவ்வளவு அதிகாரம் ஒப்படைக்கப்படுகிறது என்ற குறிப்பு ஆகியவை இருக்கும். பிறகு முன்பக்கம் வந்து 'பிரிஸ்க்ரைப்டு' (விதிகளில் சொல்லப்படுவது) என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று பென்சிலால் வட்டமிடுவேன். ஒவ்வொரு வட்டமும் 13-ஆவதில் சொன்ன, இன்னும் எழுதப்படாத ஒரு விதி. தொழிலாளர் தொகுப்புகளில் வட்டமிட்டுப் பென்சில் தேய்ந்துபோனது.

இப்போது பலகையில் ஒவ்வொரு தாளின் மேலும் நான்கு கட்டம் போட்டுவைக்கிறேன்: இரு அவைகளும் நிறைவேற்றிய நாள், ஒப்புதல் நாள், நடைமுறை நாள், விதிகள் வந்த நாள். பல தாள்களில் கடைசி இரண்டு கட்டம் காலியாகவே இருக்கின்றன.